‘ஓடுதுங்களா, இல்லைங்களா?’: இயற்பியலை மீறும் எஞ்சின்களைப் பற்றி வாதாட ஒரு முழு வழிகாட்டி

கோவையில் ஒரு லேத் பட்டறை. வேலை முடிந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட நேரம். பட்டறைக்காரர் மூலையில் கிடந்த சாக்கை விலக்கி ஒரு சக்கரத்தைக் காட்டினார். பத்துக் கிலோ இருக்கும். இருபது சென்டிமீட்டர் ஆரம். விளிம்பு முழுக்கச் சாய்வாகப் பதித்த நியோடைமியம் காந்தங்கள். எதிரே ஒரு தடித்த அலுமினியச் சட்டத்தில் இன்னொரு வரிசைக் காந்தங்கள். அச்சில் கயிற்றைச் சுற்றி ஒரே இழு. சக்கரம் நிமிடத்துக்கு 300 சுற்று வேகத்தில் சத்தமே இல்லாமல் சுழன்றது. “கரன்ட் இல்லை, பேட்டரி இல்லை. ஓடுதுங்களா, இல்லைங்களா? நீங்களே சொல்லுங்க தம்பி” என்றார்.

நான் சொன்ன பதில்: “அண்ணே, ஆற்றல் அழிவின்மை விதின்னு ஒண்ணு இருக்கு.”

அவ்வளவுதான். அவர் முகம் சுருங்கிவிட்டது. சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திச் சாக்கை இழுத்து மூடிவிட்டார். விட்டிருந்தால் எத்தனை நிமிடம் ஓடியிருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாமல் போயிற்று. விதி என் பக்கம், தோல்வியும் என் பக்கம். அதற்குப் பிறகு கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவரை இதே வாதத்தில் பலமுறை உட்கார்ந்துவிட்டேன். கீழே இருப்பது அந்த அனுபவத்தில் தேறிய முறை. அதிகமும் எம்டிரைவ் என்ற எஞ்சினை வைத்தே சொல்கிறேன். இந்த மாதிரி வாதத்தில் செய்யக்கூடிய எல்லாத் தப்பும், செய்ய வேண்டிய எல்லா நல்ல காரியமும் அந்த ஒரு கதையிலேயே நடந்திருக்கின்றன.

படி 1: எந்த வகைச் சரக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

‘இயற்பியலை மீறும் எஞ்சின்’ என்ற ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே நாலு வேறு கடைகள் இருக்கின்றன.

முதலாவது, போட்டதைவிட அதிகமாகத் திருப்பித் தரும் இயந்திரம். இது மிகப் பழைய கடை. 12ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கரர் ஆரக்கால்களில் பாதரசம் ஊற்றிய, தானே சுழலும் சக்கரத்தை விவரித்திருக்கிறார். பட்டறைச் சக்கரம் அதன் கொள்ளுப்பேரன். இரண்டாவது, தண்ணீரை எரிபொருளாக்கும் கதைகள். மூன்றாவது, எதையும் பின்னால் தள்ளாமல் முன்னால் போகும் எஞ்சின். எம்டிரைவ் இந்த வகை. நான்காவது, இதுவரை தெரியாத ஏதோ ஓர் அணுக்கரு வினை. 1989இன் குளிர் இணைவு இங்கே சேரும்.

பிரிப்பது எதற்கு என்றால், நாலுக்கும் பதில் வேறு. குளிர் இணைவு ஆற்றல் அழிவின்மையை மீறவே இல்லை. டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனின் அணுக்கருக்கள் இணைந்தால் ஆற்றல் வரும் என்பது ஊரறிந்தது. சாதாரண வெப்பநிலையில், ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் அது நடக்குமா என்பதுதான் கேள்வி. அங்கே போய், ஆற்றலே போடாமல் ஓடிக்கொண்டே இருக்கும் ‘நிலைத்த இயக்க’ இயந்திரத்தைப் பற்றிப் பேசினால், எதிரே இருப்பவர் உங்களுக்கு விஷயமே தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார். அவர் முடிவும் சரிதான்.

படி 2: எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

‘நிறைய’, ‘ஏகப்பட்ட’, ‘பயங்கர’ என்ற சொற்களோடு வாதாட முடியாது. எத்தனை வாட் உள்ளே, எத்தனை வாட் வெளியே, எத்தனை நிமிடம், எத்தனை கிராம்? எண் வந்ததும் ஒரு காகிதத்தில் பெருக்கல் போடுங்கள். பாதி வாதம் அந்தக் காகிதத்திலேயே முடிந்துவிடும்.

நம் ஊர்க் கதையையே எடுப்போம். 1996இல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை, தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் காய்ச்சிப் பெட்ரோல் எடுப்பதாகச் சொல்லி நாடு முழுவதும் தலைப்புச் செய்தியானார். அப்போது வீட்டுக்கு வீடு நடந்த சண்டை ‘கிராமத்து ஆளை விஞ்ஞானிகள் நம்ப மாட்டார்களா?’ என்பதாகவே இருந்தது. போட வேண்டிய கணக்கு ரொம்பச் சின்னது. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம் எடை. அதில் 85 சதவீதம் கார்பன், அதாவது அறுநூறு கிராமுக்கு மேல். தண்ணீரில் கார்பன் துளிகூடக் கிடையாது. அப்படியானால் அந்த அறுநூறு கிராமும் இலையிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஒரு கைப்பிடி இலையை வெயிலில் காயவைத்து நிறுத்துப் பாருங்கள், அதில் மொத்தமே எத்தனை கிராம் தேறுகிறது என்று. இந்தக் கணக்குக்கு வெப்ப இயக்கவியல் தெரிந்திருக்க வேண்டாம், மளிகைக் கடைத் தராசு போதும்.

தண்ணீரில் ஓடும் காருக்கும் இப்படித்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் 111 கிராம் ஹைட்ரஜன் இருக்கிறது. அதை எரித்தால் கிடைப்பது நாலு யூனிட் மின்சாரத்தை ஒட்டிய ஆற்றல். தண்ணீரை உடைத்து அதே ஹைட்ரஜனை வெளியே எடுக்க, எந்தக் கருவியை வைத்தாலும், அதற்கு மேல்தான் செலவாகும். காரணம் எளிது: எரிந்து முடிந்த ஹைட்ரஜனின் சாம்பல்தான் தண்ணீர். அமெரிக்காவில் தண்ணீர்க் காரால் பெயர் பெற்ற ஸ்டான்லி மேயர் மீது முதலீட்டாளர்கள் வழக்குப் போட்டார்கள். ஓஹையோ நீதிமன்றம் அது மோசடி என்று முடிவு செய்து 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. அதுவும் 1996தான்.

படி 3: விதியை இறக்குங்கள், ஆனால் கணக்காக

விதியைப் பெயராகச் சொன்னால் அது அதட்டல் ஆகிவிடுகிறது. பட்டறையில் நான் செய்தது அதைத்தான். விதி அவருடைய கருவியை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்று காட்டினால், அவரும் குனிந்து காகிதத்தைப் பார்ப்பார்.

எம்டிரைவை வைத்துச் செய்து பார்ப்போம். ரோஜர் ஷாயர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 2001இல் இதற்காக ஒரு நிறுவனம் தொடங்கினார். கருவி பார்க்க எளிது: ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும் செம்பு வாளி, இரண்டு வாயும் மூடியது. உள்ளே மைக்ரோவேவ் அலைகளைச் செலுத்தினால் வாளி ஒரு பக்கமாக நகரும் என்றார். எதுவும் வெளியே போவதில்லை. காருக்குள் உட்கார்ந்துகொண்டு கண்ணாடியைத் தள்ளிக் காரை நகர்த்துவது போலத்தான் மற்றவர்களுக்குப் பட்டது. ஷாயரோ, தன் கருவி எந்த விதியையும் மீறவில்லை, சார்பியல் கோட்பாட்டுக்குள் அடங்கும் என்றே சொல்லிவந்தார். அதனால் ‘உந்த அழிவின்மை’ (எதையும் பின்னால் தள்ளாமல் முன்னால் போக முடியாது என்ற விதி) என்று கத்துவதில் பயன் இல்லை. அவருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

இப்போது எண். சீனாவில் ஷியான் நகரத்து யாங் ஜுவான் குழு, 2.5 கிலோவாட் கொடுத்ததற்கு 720 மில்லிநியூட்டன் விசை கிடைத்ததாக அறிவித்தது. விசையை வேகத்தால் பெருக்கினால் வண்டி வாங்கும் திறன். நொடிக்கு 3.5 கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பெருக்கல் 2,500 வாட்டைத் தொட்டுவிடுகிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு செயற்கைக்கோள் நொடிக்கு 7.8 கிலோமீட்டர் போகிறது. அங்கே 5,600 வாட். 2,500 வாங்கிக்கொண்டு 5,600 தரும் இயந்திரம்! எதையும் தள்ளாத எஞ்சின் என்று உள்ளே வந்தது, முதல் கடைச் சரக்காக வெளியே போகிறது.

இன்னும் வேடிக்கை, அந்த 3.5 கிலோமீட்டர் எதைப் பொறுத்து? பூமியே சூரியனைச் சுற்றி நொடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது. சூரியனில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்த வாளி மேஜையில் சும்மா இருக்கும்போதே எல்லையைத் தாண்டிவிட்டது. சாதாரண ராக்கெட்டில் இந்தச் சிக்கல் இல்லை. பின்னால் பீச்சப்படும் வாயு தன் பங்கு ஆற்றலைக் கொண்டுபோவதால், எந்த இடத்திலிருந்து பார்த்தாலும் கணக்கு நேராகிறது.

ஒளியை மட்டும் பின்னால் வீசும் எஞ்சினுக்கு இதே கணக்கைப் போட்டால் ஒரு கிலோவாட்டுக்கு 3.3 மைக்ரோநியூட்டன் கிடைக்கும். அதற்கு அந்த எல்லை வேகம் சரியாக ஒளியின் வேகம். அதைத் தொடவே முடியாது என்பதால் கணக்கு எங்கும் உடைவதில்லை. முதல்முறை இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த 3.3 மைக்ரோநியூட்டனை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எதையும் வெளியே தள்ளாமல் இதைவிட அதிகம் தருவதாகச் சொல்லும் எந்த எஞ்சினையும் உரசிப் பார்க்க இதுவே உரைகல்.

படி 4: தராசைச் சோதியுங்கள்

என் கணக்கில் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ‘விதி தப்பாக இருக்கலாமே?’ என்று அவர் கேட்டால், ஆமாம், இருக்கலாம் என்று ஒத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டுவிட்டு, எதைக் கொண்டு அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

ஹூஸ்டனில் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்துக்குள் ஈகிள்வொர்க்ஸ் என்ற சின்ன ஆய்வகம். ஹாரால்ட் வைட் தலைமையில் அங்கே எம்டிரைவை வெற்றிடத்தில் அளந்து, 2016இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூட்டன், மேலே சொன்ன உரைகல்லைப் போல் 360 மடங்கு. ‘நாசாவே ஒத்துக்கொண்டது’ என்று உலகம் முழுக்கச் செய்தி. நாசா என்ற நிறுவனம் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. சக ஆய்வாளர்கள் படித்து, அச்சிடத் தகுந்தது என்று சொன்ன கட்டுரை அது. சக ஆய்வு என்றால் இரண்டு மூன்று பேர் படித்துக் கேள்வி கேட்டார்கள் என்று பொருள். அவர்கள் கருவியைத் திரும்பச் செய்து பார்த்தார்கள் என்று பொருள் கிடையாது.

அவர்கள் உண்மையில் கொடுத்தது 40, 60, 80 வாட். 80 வாட்டுக்கு அந்தக் கணக்கில் விசை ஏறக்குறைய 100 மைக்ரோநியூட்டன், அதாவது பத்து மில்லிகிராம் எடை. கையில் ஒரு அரிசியை எடுத்து இரண்டாக உடைத்தால் ஒரு பாதி. அந்தக் குருணையின் எடையை, கிலோக்கணக்கில் செம்பும் மின்னணுவும் ஏற்றிய ஊசல் தராசில் பிடிக்கிறார்கள். வாளி சூடேறுகிறது, சூட்டில் உலோகம் விரிகிறது, எடை மையம் நூலளவு நகர்கிறது, தராசு சாய்கிறது. கட்டுரையின் வரைபடத்திலேயே அந்த வெப்பச் சாயல் தெரிந்தது. அதைக் கழித்த பிறகு மிஞ்சியதாக அவர்கள் சொன்னதே அந்த 1.2.

இதற்கு முன், 2014இல், இதே ஆய்வகம் இன்னொரு வகைக் கருவியைச் சோதித்தபோது நடந்ததை நான் வாதங்களில் அடிக்கடி எடுப்பேன். கண்டுபிடிப்பாளர் சொன்னபடி உள்ளே வரிப்பள்ளம் வெட்டிய கருவி ஒன்று; பள்ளமே இல்லாத, ஆகவே வேலை செய்யக்கூடாத கருவி இன்னொன்று. இரண்டும் விசை காட்டின! வேலை செய்யக்கூடாததும் வேலை செய்கிறது என்றால் நீங்கள் அளப்பது கருவியை அல்ல, வேறெதையோ.

அந்த ‘வேறெது’ என்பதைத் தேடியவர்கள் ஜெர்மனியில் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து மார்ட்டின் டாஜ்மர் குழுவினர். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆட்கள் இவர்கள்தான். 2018இல் இரண்டே வாட்டில் 4 மைக்ரோநியூட்டன் போல விசை தென்பட்டது. உடனே பத்திரிகையாளரைக் கூப்பிடவில்லை. வாளியைத் திருப்பித் திருப்பி வைத்து அளந்தார்கள். அப்புறம் ஒரு தணிப்பானைப் பொருத்தி, வாளிக்குள் போகும் மைக்ரோவேவைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கினார்கள். விசை அப்படியே இருந்தது. எஞ்சினுக்குச் சாப்பாடே போகவில்லை, எஞ்சின் மட்டும் இழுக்கிறது! சந்தேகம் மின்கம்பியின் மேல் விழுந்தது. பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 50 மைக்ரோடெஸ்லா. அதில் 2 ஆம்பியர் ஓடும் கம்பி 4 சென்டிமீட்டர் காப்பில்லாமல் கிடந்தாலே 4 மைக்ரோநியூட்டன் வந்துவிடும். பிளஸ் டூ இயற்பியலில் எல்லாரும் போட்ட கணக்கு.

அதோடும் விடவில்லை. நாசா பயன்படுத்திய அதே அளவில் வாளி செய்து, தராசின் தொங்கல் அமைப்பை மாற்றி மாற்றி அளந்து, 2021இல் முடிவைச் சொன்னார்கள்: விசை இல்லை, நாசா குழு பார்த்தது சூட்டில் கருவியும் தொங்கலும் வளைந்த கோலம், அப்படியே ஏதாவது விசை இருந்தாலும் அது ஒளி எஞ்சின் தரும் விசையையும்விடக் குறைவு. யாங் ஜுவான் குழுவும் அதற்கு முன்பே, வெளியிலிருந்து கம்பி இழுக்காமல் கருவியிலேயே மின்கலத்தை வைத்து மறுபடி அளந்து, விசை தராசின் நடுக்கத்துக்குள் மறைந்துவிட்டதை வெளியிட்டிருந்தது. தன் பழைய முடிவைத் தானே அடித்துத் திருத்தும் நேர்மை எளிதல்ல.

ஆகவே கேட்க வேண்டியவை இவை. வேலை செய்யக்கூடாத போலிக் கருவியை வைத்து அளந்தீர்களா? திருப்பி வைத்தபோது என்ன ஆனது? தீனியை வெட்டியபோது? தராசின் சொந்த நடுக்கம் எவ்வளவு? பெரும்பாலும் முதல் கேள்விக்கே மௌனம் வரும்.

வீட்டில் செய்து காட்ட ஒரு வழியும் உண்டு. அமெரிக்காவில் நார்மன் டீன் என்பவர் 1950களில், உள்ளே எடைகளைச் சுழற்றியே நகரும் பெட்டியைக் காட்டினார். சக்கர நாற்காலியில் காலைத் தூக்கிக்கொண்டு உட்காருங்கள். உடலை மெல்லப் பின்னால் கொண்டுபோய், வெடுக்கென்று முன்னால் வீசுங்கள். மெல்ல அசையும்போது தரையின் உராய்வு நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும், வெடுக்கென்ற அசைவில் பிடி விட்டுப் போகும். நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக ஒரே பக்கம் நகரும். எதையும் தள்ளாத எஞ்சின் தயார். இப்போது அதையே ஊஞ்சலில் செய்யுங்கள். ஊஞ்சல் ஆடும். ஒரு பக்கமாகச் சாய்ந்து அங்கேயே நிற்கவே நிற்காது. நகரும் பெட்டியின் வீடியோவை யார் காட்டினாலும் ‘ஊஞ்சலில் தொங்கவிட்டுக் காட்டுங்க’ என்று மட்டும் கேளுங்கள்.

படி 5: மின்சாரக் கணக்கில் பிளக்கைப் பிடுங்குங்கள்

எஞ்சினுக்குத் தராசு போல, மின் இயந்திரத்துக்கு மீட்டர். துடிப்புத் துடிப்பாக ஓடும் மின்சாரத்தைச் சாதாரண மல்டிமீட்டர் தப்பாகக் காட்டும். அதை நம்பி ‘உள்ளே 50 வாட், வெளியே 80 வாட்’ என்று உண்மையாகவே நம்பிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு அலைவடிவம் பற்றிப் பேசி மாள முடியாது. ‘80 வருதுன்னா அதுல 50ஐத் திருப்பி உள்ளே கொடுத்துட்டு, பிளக்கைப் பிடுங்கிருங்க. மிச்சம் 30ல ஒரு பல்ப் எரியட்டும்.’ இவ்வளவுதான் கேட்க வேண்டும். ‘சுற்றை மூடினால் விளைவு போய்விடுகிறது’ என்று பதில் வந்தால், அதையே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

படி 6: ‘ரைட் சகோதரர்களைப் பார்த்தும் சிரிச்சாங்க’ வரும்போது

கட்டாயம் வரும். பறவை பறப்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்; காற்றைவிடக் கனமானது பறக்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள். 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம், ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டைக் கேலி செய்தது: தள்ளுவதற்குக் காற்று இல்லாத வெற்றிடத்தில் ராக்கெட் எப்படிப் போகும், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதுகூட இவருக்குத் தெரியவில்லையே என்று. அப்பல்லோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, 1969 ஜூலை 17இல், அந்தப் பத்திரிகை வருத்தம் தெரிவித்தது.

அதில் நியூட்டன் யார் பக்கம் இருந்தார் என்று கேளுங்கள். கோடார்ட் பக்கம். ராக்கெட் காற்றைத் தள்ளவில்லை, தன் புகையைத் தள்ளுகிறது. அன்று விதியை மறந்தது கேலி செய்தவர்கள். எதிராளியின் கையிலிருக்கும் கத்தியை வாங்கி, பிடி உங்கள் பக்கம் வருமாறு திருப்புவது போன்றது இது. சொல்லும்போது சிரிக்காமல் சொல்லுங்கள்.

‘எண்ணெய்க் கம்பெனிகள் அமுக்கிவிட்டன’ என்ற வாதத்தில் நேரம் செலவழிக்காதீர்கள். குளிர் இணைவைச் சுட்டிவிட்டு நகருங்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் 1989 மார்ச் 23இல் போன்ஸும் ஃபிளைஷ்மனும் அறிவித்ததும் உலகமே ஓடிப்போய்ச் செய்து பார்த்தது. நம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பி.கே. ஐயங்கார் குழுவும் இறங்கி, இணைவின் தடயமான டிரிட்டியம் தென்பட்டதாகவே சொன்னது. முப்பது ஆண்டு கழித்து கூகுள் ஒரு கோடி டாலர் செலவிட்டு மறுபடி தேடவைத்தது. 2019இல் நேச்சர் இதழில் வந்த முடிவு, ஆதாரம் கிடைக்கவில்லை என்பது. அமுக்கப்பட்ட ஆராய்ச்சிக்கு இவ்வளவு உபசாரம் நடக்காது. குளிர் இணைவை முதலில் சாய்த்ததும் கோட்பாடு அல்ல, கணக்கு: டியூட்டீரியம் வழக்கமான வழியில் இணைந்து ஒரு வாட் வெப்பம் வருவதென்றால், நொடிக்கு ஒரு லட்சம் கோடி நியூட்ரான்கள் பாய வேண்டும். பக்கத்தில் நின்ற மாணவர்கள் உயிரோடு இருந்ததே எதிர்ச்சாட்சியாகிவிட்டது.

படி 7: ‘ஏமாற்றுக்காரன்’ என்ற சொல்லைக் கடைசிவரை எடுக்காதீர்கள்

ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். பிலடெல்பியாவில் ஜான் கீலி பல ஆண்டுகள் முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கி ‘ஈதர்’ எஞ்சின் ஓட்டிக் காட்டினார். 1898இல் அவர் இறந்த பிறகு வீட்டைத் தோண்டினால், தரைக்குக் கீழே அழுத்தக் காற்று அடைக்கும் பெரிய இரும்புக் கோளமும் குழாய்களும். மூலிகைப் பெட்ரோல் விஷயத்தில், கலக்கிய குச்சிக்குள்ளேயே எரிபொருள் இருந்ததாகச் சோதித்தவர்கள் சொன்னார்கள். சிபிஐ தொடர்ந்த வழக்கில் 2016இல் சென்னை எழும்பூர் நீதிமன்றம் மூன்று ஆண்டு தண்டனை விதித்தது.

ஆனாலும் நான் நேரில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் தாங்களே ஏமாந்தவர்கள். நகையை விற்றுக் காந்தம் வாங்கியவர்கள். அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டால், அப்புறம் தன் இயந்திரத்தைச் சோதிப்பதுகூட உங்களிடம் தோற்பதாகிவிடும். சொல்லாமலே காத்துக்கொள்ள ஒரு வழி: குச்சி, பாத்திரம், மேஜை, மின்கம்பி எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். ஏமாற்றுபவர் அங்கே ஏதாவது காரணம் சொல்லி நழுவுவார். ஏமாந்தவர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்.

பணம் கேட்டால் மட்டும் இந்த நாசூக்கு வேண்டாம். ‘முதல்ல ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்’ என்று எழுந்துவிடுங்கள்.

படி 8: ஓட்டுவதற்கு முன்னால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்

என்ன நடந்தால் அவர் சொன்னது சரி, என்ன நடந்தால் நீங்கள் சொன்னது சரி? இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். டப்ளினைச் சேர்ந்த ஸ்டியோர்ன் நிறுவனம் 2006இல் தி எகானமிஸ்ட் இதழில் விளம்பரம் கொடுத்து, தன் காந்த இயந்திரத்தைச் சோதிக்க விஞ்ஞானிகளை அழைத்தது. 2007இல் லண்டனில் வைத்த காட்சி, விளக்குச் சூட்டில் கோளாறு என்று ரத்தானது. நடுவர் குழு 2009இல், எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்றது. தாள் இருந்தால்தான் அந்த ‘விளக்குச் சூடு’ எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியும்.

நேர்மாறான நடத்தைக்கு 2011இன் ஓபரா சோதனை. ஜெனீவா பக்கத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோவுக்கு 730 கிலோமீட்டர் வந்த நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள், ஒளியைவிட 60 நானோநொடி முந்தியதாகக் காட்டின. அந்தக் குழு ‘ஐன்ஸ்டைன் தோற்றார்’ என்று சொல்லவில்லை. எங்கள் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க உதவுங்கள் என்று கேட்டது. கடைசியில் அகப்பட்டது, சரியாக இறுகாத ஒரு கண்ணாடி இழை இணைப்பு.

உங்கள் பக்கத்துக்கும் அந்தத் தாள் பொருந்தும். ‘என்ன காட்டினாலும் நான் நம்பப்போவதில்லை’ என்றால், நீங்கள் வாதாட வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்திருக்கிறீர்கள். முடிவு வராத சோதனை யாருடைய வெற்றியும் இல்லை. 2023 நவம்பரில் எரிபொருளில்லா எஞ்சின் ஒன்றைச் சுமந்து பாரி-1 என்ற சின்னச் செயற்கைக்கோள் போனது. மின்கோளாறில் சிக்கி, எஞ்சினைச் சோதிக்கும் முன்பே 2024 தொடக்கத்தில் தொடர்பு அறுந்தது. ‘பார்த்தாயா, ஓடவில்லை’ என்று ஒருவர் என்னிடம் துள்ளினார். ஓட்டியே பார்க்கவில்லையே!

படி 9: திரும்பிப் போங்கள்

ஒரே உட்காரலில் யாரும் மாறியதை நான் பார்த்ததில்லை. எட்டு மாதம் கழித்துப் பட்டறைக்குப் போனேன். முதலில் அன்றைக்கு நான் பேசியது தப்பு என்றேன். அப்புறம் இரண்டு டீ சொல்லிவிட்டு, எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று கேட்டேன். நாலு நிமிடம். காகிதத்தில் கணக்கைச் சேர்ந்தே போட்டோம். பத்துக் கிலோ, இருபது சென்டிமீட்டர், 300 சுற்று: 100 ஜூல். அவர் கயிற்றை இழுத்தபோது கை கொடுத்த ஆற்றல் அது. பத்துக் கிலோ அரிசி மூட்டையை ஒரு மீட்டர் தூக்குவதற்குச் சமம். அதை 240 நொடியில் பேரிங் தின்று தீர்க்கிறது என்றால் நொடிக்கு அரை ஜூல்கூட இல்லை. “அவ்வளவு நல்ல பேரிங்குங்க அது” என்றார். முகத்தில் பெருமை. பெருமைப்பட வேண்டிய வேலைதான்.

கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டேன்: “காந்தத்தை எல்லாம் கழற்றிட்டு ஓட்டிப் பார்த்தீங்களாண்ணே?” பார்க்கவில்லை.

அடுத்த வாரம் போன் வந்தது. “தம்பி, கழற்றிட்டு, அந்த எடைக்குப் பித்தளை வெச்சு ஓட்டிட்டேன்.” கொஞ்ச நேரம் லேத் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. “பதினொரு நிமிஷம் ஓடுதுங்க.”

அந்த அலுமினியச் சட்டத்தில் காந்தங்கள் கிளப்பிய சுழல் மின்னோட்டம்தான் இத்தனை நாளும் பிரேக் போட்டுக்கொண்டிருந்தது. நான் அதை விளக்கத் தொடங்குவதற்குள் அவரே கேட்டார்: “அப்ப இதை லாரி பிரேக்குக்கு வைக்கலாங்களா?”

வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள் என்றேன்.